பழைய கோர் 2 டுவோ கணினி: படிப்பு மேசையா, வீட்டுச் சர்வரா?

ஜி31 சிப்செட் உள்ள மதர்போர்டு, 2 ஜிபி டிடிஆர்2 ராம். இந்த வகைப் பெட்டியைக் காயலான் கடைக்கு அனுப்பும் முன் இரண்டு வழிகளைப் பார்க்கலாம்.

படிப்பு மேசையாக்க, அதாவது படிக்க உதவும் கணினியாக்க, ராமை 4 ஜிபி ஆக்குங்கள். போர்டு அதற்கு மேல் ஏற்காது. 120 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) மாட்டி, லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான இயங்குதளத்தை நிறுவினால் தட்டச்சு, பிடிஎஃப், இணைய வகுப்பு எல்லாம் நடக்கும். யூடியூப்தான் தகராறு. யூடியூப் அனுப்பும் விபி9 வடிவ வீடியோவைப் பிரிக்க இதில் வன்பொருள் வசதி இல்லை. முழுச்சுமையும் பிராசசர் மேல் விழுந்து படம் திக்கும். எச்.264 வடிவத்தைக் கேட்டு வாங்கும் நீட்சியைப் பிரவுசரில் சேர்த்தால் 720பி ஓடும். தேதி பின்னோக்கிப் போய் இணையதளங்கள் சான்றிதழ் பிழை காட்டினால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றுங்கள்.

வீட்டுக் கோப்புகளைச் சேமித்துப் பகிரும் சர்வருக்கு ஓப்பன்மீடியாவால்ட் என்ற இயங்குதளம் போதும், மானிட்டரும் வேண்டாம். ஆனால் லேன் (நெட்வொர்க் இணைப்பு) 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 11 எம்பிதான் நகரும். பிசிஐ எக்ஸ்பிரஸ் கிகாபிட் கார்டு தேவை. சிஸ்டத்தைச் சிறிய தனி டிஸ்க்கில் வையுங்கள். பழைய பயாஸ் (கணினியைத் துவக்கும் மென்பொருள்) 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கிலிருந்து துவங்கத் தடுமாறும். பெரிய டிஸ்க்கில் கோப்புகள் மட்டும்.

மின்சாரம்தான் இடிக்கிறது. சர்வர் சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுத்து, இரவு பகலாக ஓடினால், இரண்டு மாத பில்லில் 86 யூனிட் கூடும். தமிழ்நாட்டின் இலவச 100 யூனிட்டில் பெரும்பகுதி இதற்கே போய்விடும். வாரம் ஒருமுறை பேக்கப் எடுக்க மட்டும் போட்டு அணைப்பதானால் சர்வர் சரி. இல்லையெனில் படிப்பு மேசையே மேல். மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் கெப்பாசிட்டர் உப்பியிருந்தால், எந்த வழியானாலும் முதலில் அதை மாற்ற வேண்டும்.