அக்ரீயபிள் கிரேயா, ரிப்போஸ் கிரேயா? வீட்டுச் சுவருக்கான ஓர் ஒப்பீடு

ஷெர்வின்-வில்லியம்ஸ் என்ற அமெரிக்க பெயின்ட் நிறுவனத்தின் வண்ண அட்டையில் அக்ரீயபிள் கிரே (7029), ரிப்போஸ் கிரே (7015) ஆகிய இரண்டையும் பார்ப்பவர்களுக்கு, இரண்டும் ஒரே இளஞ்சாம்பல் என்றே முதலில் தோன்றும். சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்பதைக் குறிக்கும் எல்.ஆர்.வி. எண், 100க்கு முன்னதற்கு 60, பின்னதற்கு 58. ஆகவே எது அறையை இருட்டாக்கும் என்ற கவலைக்கு இங்கே இடமில்லை.

வேறுபாடு அடிச்சாயலில், அதாவது சாம்பலுக்குள் மெலிதாகக் கலந்திருக்கும் நிறத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நிறத்தையும் 0 முதல் 255 வரை அளக்கும் கணினித் திரைக்கான குறியீட்டில் அக்ரீயபிள் கிரேயின் சிவப்பு 209, நீலம் 193. ரிப்போஸ் கிரேயில் அவை 204, 192. சிவப்புக்கும் நீலத்துக்கும் உள்ள இடைவெளி கூடக்கூடச் சாம்பல் பழுப்பை நோக்கிச் சாயும். முதலாவதில் 16, இரண்டாவதில் 12 என எண்ணளவில் மிகச் சிறிதாக இருக்கும் இந்த வேறுபாடு, நான்கு சுவர்களிலும் பூசப்பட்டு ஒரு சுவரின் நிறம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும்போது, அட்டையில் கண்டதைவிடத் தெளிவாக வெளிப்படுகிறது.

நேரடி வெயில் விழாத அறைக்குள் வரும் வானொளி சற்றே நீலம் கலந்தது. அங்கே ரிப்போஸ் கிரே குளிர்ந்து, சில வேளைகளில் மெல்லிய ஊதா படிந்ததுபோலவும் தோன்றக்கூடும். அக்ரீயபிள் கிரேயின் பழுப்பு அந்த நீலத்தை ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது. மாலை வெயில் நிறைய வரும் அறையில் ரிப்போஸ் கிரேதான் சாம்பலாகவே நிற்கும். இரவில் 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு இரண்டையுமே பழுப்பாக்கும்.

ஆனால் விளக்கை மாற்றிவிடலாம், தரையை எளிதில் மாற்ற முடியாது என்பதால், தரைக்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அருகருகே இருக்கும் நிறங்கள் ஒன்றின் தோற்றத்தை மற்றொன்று மாற்றும் என்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் 1839இலேயே விரிவாக எழுதியிருக்கிறார். தேன்நிற மரத்தரைக்கு மேலே ரிப்போஸ் கிரே இருப்பதைவிட நீலமாகத் தெரியும். தூய வெள்ளை அல்லது நீலச்சாம்பல் தரையோடு சேரும்போது அக்ரீயபிள் கிரே மங்கிய மஞ்சளாகத் தெரியும். எனவே மரம், பழுப்புக் கல், சந்தன நிற அலமாரிகள் உள்ள வீட்டுக்கு அக்ரீயபிள் கிரேயையும், வெள்ளையும் கறுப்பும் உலோகமும் மிகுந்த, வெயில் தாராளமாக வரும் வீட்டுக்கு ரிப்போஸ் கிரேயையும் பரிந்துரைப்பேன். இரண்டும் கலந்த வீடாக இருந்தால் அக்ரீயபிள் கிரேயே பாதுகாப்பானது. ஏனெனில் சற்றே மிகுந்த பழுப்பைக் கண் விரைவில் ஏற்றுக்கொள்கிறது, எதிர்பாராத ஊதாவை ஏற்பதில்லை.

முடிவெடுக்கும் முன், பழைய சுவரிலேயே மாதிரியைப் பூசிப் பார்க்க வேண்டாம். சுற்றியுள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். பெரிய வெள்ளை அட்டையில், ஓரத்தில் வெள்ளையை விட்டு, இரண்டு கோட்டிங் பூசி, காலையிலும் மாலையிலும் விளக்கொளியிலும் தரையை ஒட்டி நிறுத்திப் பாருங்கள்.

இரண்டும் பிடித்திருக்கிறது என்பதற்காக அடுத்தடுத்த அறைகளில் ஒவ்வொன்றைப் பூசுவதை மட்டும் தவிர்க்க வேண்டும். வாசல் வழியே இரண்டும் ஒருசேரத் தெரியும்போது, அது தெரிந்து செய்த தேர்வாகத் தோன்றாது. பெயின்ட் போதாமல் வேறு டப்பாவிலிருந்து எடுத்துப் பூசியதுபோலத்தான் தோன்றும்.