300 வாட் ஸ்டிக்கரை நம்பி ஏமாந்தேன், சோலார் பேனல் வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

வேன் கூரையில் இடம் குறைவு, அதனால்தான் மாட்டிக்கொண்டேன். நடுவில் விசிறி, பின்னால் பெட்டி, மிச்சமுள்ள இடத்தில் இரண்டு பேனல்தான் வைக்க முடியும் என்ற நிலையில் "சின்ன சைஸ், 300 வாட், கண்ணாடி பேனல், அலுமினிய ஃப்ரேம்" என்று பார்த்ததும் வேறு எதையும் யோசிக்காமல் இரண்டு வாங்கிவிட்டேன். மொத்தம் 600 வாட், ஃப்ரிட்ஜ், லைட், லேப்டாப் எல்லாம் தாராளமாக ஓடும் என்று மனக்கணக்கு.

ஒரு வாரம் ஓடவில்லை. விடிவதற்குள் பேட்டரி காலி, ஃப்ரிட்ஜ் நின்றுவிடும். முதலில் பேட்டரியைச் சந்தேகப்பட்டேன், அப்புறம் வயரை, அப்புறம் பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கவனித்து, எத்தனை வாட் வருகிறது என்று காட்டும் எம்பிபிடி கன்ட்ரோலரை (பாவம், அது மட்டும்தான் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது). மேகமே இல்லாத உச்சி வெயிலில், பேட்டரி பாதி காலியாக இருந்தபோதும், இரண்டு பேனலும் சேர்ந்து 250 வாட்டைத் தாண்டவே இல்லை.

விற்றவரிடம் கேட்டால் "சூட்டில் குறையத்தான் செய்யும்" என்றார். பொய்யில்லை. பேனலில் போட்டிருக்கும் வாட் என்பது சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சத்தில், செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. கூரையில் காய்ந்து செல் 65 டிகிரிக்குப் போனால், டிகிரிக்கு 0.35 சதவீதம் என்று வைத்தாலும் 14 சதவீதம் போகும். சரி, மீதி எங்கே போனது?

டேப்போடு மேலே ஏறினேன். 120 செ.மீ.க்கு 67 செ.மீ., அதாவது 0.8 சதுர மீட்டர். அதன் மேல் விழும் வெளிச்சமே 800 வாட்தான், அதில் 300 வாட் எடுக்க வேண்டுமென்றால் திறன் 37 சதவீதம் இருக்க வேண்டும். சாதாரண சிலிக்கான் செல்லால் கணக்குப்படியே 29 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் போக முடியும், சந்தையில் கிடைக்கும் நல்ல பேனல் 20 முதல் 23 வரை தரும். இந்தப் பெருக்கலைப் போட அரை நிமிடம்கூட ஆகாது, பணம் கட்டும் முன் போட்டிருக்கலாம்.

இதைவிட வயிற்றெரிச்சல் அடுத்தது. ஒரு பேனலைக் கழற்றித் திருப்பினால், ஸ்டிக்கரில் கொட்டை எழுத்தில் 300, அதற்குக் கீழே பொடி எழுத்தில் விஎம்பி (பேனல் அதிகபட்ச வாட் தரும்போது இருக்கும் வோல்ட்) 18 வோல்ட், ஐஎம்பி (அப்போது ஓடும் கரண்ட்) 8.3 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 149 வாட். அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை! மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் செருகி ஷார்ட் சர்க்யூட் கரண்டையும் (பேனலின் இரண்டு முனையையும் நேரடியாக இணைத்தால் ஓடும் கரண்ட்) பார்த்தேன், 8.4 காட்டியது. உண்மையான 300 வாட்டாக இருந்தால் இதே வோல்ட்டுக்கு 16க்கு மேல் காட்டியிருக்க வேண்டும்.

திருப்பிக் கொடுக்கலாம் என்று போனால் "ஃப்ரேமில் ஓட்டை போட்டுவிட்டீர்கள், எடுக்க மாட்டோம்" என்று முடித்துவிட்டார்கள். பிராக்கெட்டுக்குச் சரியாக வரவில்லை என்று பேனலுக்கு நான்கு ஓட்டை நானே ட்ரில் போட்டது. அதனால் பேனல் வந்ததும் முதல் வேலையாக அளந்து, வெயிலில் தரையில் வைத்து மீட்டரில் பாருங்கள், ட்ரில் அதற்கு அப்புறம்தான்.

இரண்டும் இன்னும் கூரையில்தான் இருக்கின்றன. ஃப்ரிட்ஜை ராத்திரி அணைத்து வைக்கிறேன். ஸ்டிக்கரில் 300ஐ அடித்துவிட்டு மார்க்கரால் 149 என்று எழுதித்தான் திரும்ப மாட்டினேன்.