பிராந்தி அலெக்சாண்டர், கிராஸ்ஹாப்பர், வைட் ரஷ்யன்: கிரீமா, ஐஸ்கிரீமா?

சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்புக்குப் பதிலாகக் கொடுக்கிற கிரீம் காக்டெய்ல்களில் வீட்டில் செய்யத் தோதானவை என்று பார்த்தால் மூன்றைச் சொல்வேன்: பிராந்தி அலெக்சாண்டர், கிராஸ்ஹாப்பர், வைட் ரஷ்யன். மூன்றையும் கிரீம் ஊற்றியும் செய்யலாம், ஐஸ்கிரீம் போட்டு மிக்ஸியிலும் அடிக்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலெக்சாண்டருக்குக் கிரீம், கிராஸ்ஹாப்பருக்கு ஐஸ்கிரீம். இடம் மாற்றினால் இரண்டுமே சுமாராகத்தான் வரும்.

அலெக்சாண்டரின் அளவை யாரும் மறக்க முடியாது: பிராந்தி 30 மி.லி., கோகோ லிக்யூரான (லிக்யூர் என்றால் வாசனை சேர்த்த இனிப்பு மது) கிரெம் டி ககாவ் 30 மி.லி., கிரீம் 30 மி.லி. கிரீமில் சர்க்கரை சேர்ப்பதில்லை, ஆகவே இனிப்பு முழுக்க லிக்யூரிலிருந்துதான் வரவேண்டும். ஐரோப்பிய விதிப்படி இந்த வகை லிக்யூரில் லிட்டருக்குக் குறைந்தது 250 கிராம் சர்க்கரை இருக்கவேண்டும். ஒரு கிளாஸுக்கு ஏழரை கிராமாவது வந்துவிடும், கிட்டத்தட்ட இரண்டு டீஸ்பூன். பிராந்தியின் காரத்துக்கு அது அளவான இனிப்பு. கிரீமுக்குப் பதில் இரண்டு ஸ்கூப் வெனிலா போட்டுப் பாருங்கள், இன்னும் 25 கிராமுக்கு மேல் சர்க்கரை சேர்ந்துவிடும். அந்த இனிப்பிலும் குளிரிலும் பிராந்தி போன இடமே தெரியாது. பிராந்தி தெரியாத அலெக்சாண்டர் எதற்கு?

இத்தனைக்கும் இது பிராந்தியில் தொடங்கிய பானம் அல்ல. நியூயார்க் பார்டெண்டர் ஹியூகோ என்ஸ்லின் 1910களில் அச்சிட்ட குறிப்பில் ஜின்தான் இருக்கிறது. ஜின் போட்டும் குடிக்கலாம், தப்பில்லை. ஆனால் மரப்பீப்பாயில் ஊறிய பிராந்தியின் வாசனைக்கும் கோகோவுக்கும் பொருந்துகிற மாதிரி ஜின்னுக்குப் பொருந்தாது. மேலே தூவ ஜாதிக்காய் வேண்டும். பொடியாக வாங்கியதை விடுங்கள். முழுக்காயைச் சின்னத் துருவியில் நாலு இழுப்பு இழுத்தால் போதும், கிளாஸை வாயருகே கொண்டுபோகும்போதே வித்தியாசம் தெரியும்.

கிரீம் விஷயத்தில்தான் நம்மூரில் பலர் சறுக்குகிறார்கள். அமெரிக்கக் குறிப்புகளில் வரும் ஹெவி கிரீமில் கொழுப்பு குறைந்தது 36 சதவீதம். இந்தியக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சிறு அட்டைப்பெட்டி கிரீமில் 25 சதவீதம். அது போதும், நன்றாகவே வரும். நன்கு குளிரவைத்து, கொஞ்சம் கூடுதலாகக் குலுக்கவேண்டும். பேக்கரிச் சாமான் கடையில் கேக்குக்கு விற்கும் விப்பிங் கிரீமை மட்டும் தொடாதீர்கள். அதில் பெரும்பாலும் தாவரக் கொழுப்பும் சர்க்கரையும் இருக்கும். பானம் திகட்டும், நாக்கில் மெழுகு பூசியது போல் ஒட்டிக்கொள்ளும். வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், பால் கொழுப்பு என்று இருக்கவேண்டும். பாலை ஊற்றிச் சமாளிக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். பானம் நீர்த்துப்போகும், அதோடு சாராயம் பட்டால் கிரீமைவிடப் பால் சீக்கிரம் திரியும்.

ஷேக்கர் இல்லையென்றால் மூடி இறுக்கமான ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். பெரிய ஐஸ் கட்டிகளைப் பாதிக்கு மேல் போட்டு, பாட்டிலின் வெளியே பனி படரும்வரை, சுமார் 15 விநாடி, கை வலிக்கக் குலுக்கி உடனே வடிகட்டுங்கள். சரியாகக் குலுக்கியிருந்தால் மேலே விரல்நுனி உயரத்துக்கு மெல்லிய நுரை நிற்கும். ஜாதிக்காய்த் தூள் அதில் அமிழாமல் மிதக்கும்.

கிரெம் டி ககாவ் எல்லா ஊரிலும் கிடைக்காது. அதற்காக விட்டுவிட வேண்டாம். இனிப்பில்லாத கோகோ பவுடர் ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை நாலு மேசைக்கரண்டி, கொதிக்கும் தண்ணீர் நாலு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. கட்டியில்லாமல் கரைத்து, துணியில் வடிகட்டி ஆறவையுங்கள். இதில் 15 மி.லி., பிராந்தி 45 மி.லி., கிரீம் 30 மி.லி. லிக்யூர் போட்டதைவிடக் கொஞ்சம் கலங்கலாக இருக்கும், ருசியில் குறை சொல்ல முடியாது.

கிராஸ்ஹாப்பருக்கு வருவோம். நியூ ஆர்லியன்ஸில் 1856 முதல் நடக்கும் டுஜாக்ஸ் உணவகம் இதைத் தன் பிள்ளை என்கிறது. அதன் உரிமையாளர் பிலிப் கிஷே உருவாக்கினார் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. பச்சைப் புதினா லிக்யூர், வெள்ளை கிரெம் டி ககாவ், கிரீம் மூன்றும் 20 மி.லி. இதில் பிராந்தி, வோட்கா போல வலுவான சாராயம் எதுவும் கிடையாது, இரண்டுமே இனிப்பு லிக்யூர்கள். கிரீமோடு குலுக்கினால் முதல் வாயிலேயே புதினா தூக்கலாக வந்து பற்பசையை நினைவூட்டும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின்காரர்கள் இதற்கு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். பால் பண்ணைகளின் மாநிலம் அது, கார் நம்பர் பிளேட்டிலேயே அதைப் பெருமையாக எழுதிவைத்திருக்கிறார்கள். அங்குள்ள சப்பர் கிளப் உணவகங்களில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் முடிந்ததும் கிராஸ்ஹாப்பரை ஐஸ்கிரீம் போட்டு அடித்து, உயரமான கிளாஸில் தருவார்கள். குளிரில் நாக்குக்கு இனிப்பு கொஞ்சம் மங்கும். புதினா மட்டும் எந்தக் குளிரையும் தாண்டித் தெரியும், ஆனால் அந்தத் தூக்கல் அடங்கிவிடும். இதற்கு ஐஸ்கிரீம் பொருந்துவது அதனால்தான்.

இரண்டு பேருக்கு வெனிலா நாலு ஸ்கூப், புதினா லிக்யூர் 30 மி.லி., கிரெம் டி ககாவ் 30 மி.லி., ஒரு சிட்டிகை உப்பு. மிக்ஸி ஜாரை முன்னதாகவே ஃப்ரீசரில் வையுங்கள். விட்டு விட்டு நாலைந்து சுற்று போதும். தொடர்ந்து ஓடவிட்டால் பிளேடு சூட்டில் உருகி ஓடிவிடும். லிக்யூரைத் தாராளமாக ஊற்றினாலும் இதே கதிதான், சாராயம் ஏறினால் ஐஸ்கிரீம் இறுகி நிற்காது. ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்று போட்ட டப்பா வேண்டாம், அதிலும் தாவரக் கொழுப்புதான்.

அதே சப்பர் கிளப்களில் அலெக்சாண்டரையும் ஐஸ்கிரீமில்தான் அடிப்பார்கள். பிராந்தி மேல் அவ்வளவு பிரியம் உள்ள ஊர், அவர்களோடு இதில் எனக்கு ஒத்துப்போகவில்லை. ஐஸ்கிரீம்தான் வேண்டும் என்றால் பிராந்தியை 45 ஆக்கி, லிக்யூரை 15ஆகக் குறையுங்கள்.

வைட் ரஷ்யனில் பெரிய வேலை இல்லை. ஐஸ் மேல் வோட்கா 50, காபி லிக்யூர் 20, அதன் மேல் கரண்டியின் பின்புறத்தில் வழியவிட்ட கிரீம். குலுக்கவும் வேண்டாம், மிக்ஸியும் வேண்டாம். ஆனால் இது இனிப்புக்கு ஈடாகாது. முதல் பாதி அருமை, ஐஸ் கரையக் கரைய மீதிப் பாதி சப்பென்று ஆகிவிடும். அதோடு மூன்றில் இதுதான் பலமானது. சுத்தச் சாராயக் கணக்குப் போட்டால் இதில் சுமார் 24 மி.லி., அலெக்சாண்டரில் 19, கிரீம் ஊற்றிய கிராஸ்ஹாப்பரில் 10க்குள். அலெக்சாண்டர் பால் மாதிரி இறங்குவதால் எத்தனை குடித்தோம் என்ற கணக்கு தப்பிவிடும். 1974 மார்ச்சில் பாடகர்கள் ஜான் லெனனும் ஹாரி நில்சனும் லாஸ் ஏஞ்சல்ஸின் ட்ரூபடூர் கிளப்பிலிருந்து வெளியேற்றப்பட்டது இதைக் குடித்துவிட்டுக் கூச்சல் போட்டதால்தான். 90 மி.லி. கிளாஸில் ஆளுக்கு ஒன்று, அதற்கு மேல் நான் ஊற்றமாட்டேன்.

ஆறேழு பேர் வருகிறார்கள் என்றால் பிராந்தியையும் கிரெம் டி ககாவையும் காலையிலேயே சம அளவில் ஒரு பாட்டிலில் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம், கெடாது. கிரீமை மட்டும் கலந்து வைக்காதீர்கள். சாப்பாடு முடிந்த பிறகு ஆளுக்குக் கலவை 60, கிரீம் 30 என்று அளந்து, இரண்டிரண்டு கிளாஸுக்காகக் குலுக்குங்கள். அதற்கு மேல் ஒரே தடவையில் போட்டால் பாட்டிலில் இடம் இருக்காது, நுரையும் வராது.