ஷார்ட் ஷிஃப்டர் போடப் போகிறீர்களா? வெட்டி ஒட்டிய கம்பியைப் புது செட் என்று விற்கிறார்கள்

பழைய மானுவல் காடியை (காரை) இன்னும் ஆசையாக வைத்து ஓட்டுகிறவர்களுக்கு இந்தப் பதிவு. ஷார்ட் ஷிஃப்டர் என்றால், கியர் மாற்றும்போது கை போகிற தூரத்தைக் குறைக்க மாற்றிப் போடுகிற கியர் கம்பி. குறிப்பாக ஹோண்டா சிவிக் ஈஜி, ஈகே (1990-களின் மாடல்கள்) வைத்திருப்பவர்கள் பட்டறையில் பணம் கொடுக்கும் முன் முழுசாகப் படித்துவிடுங்கள்.

கோலாலம்பூரில் ஒரு பட்டறை. பெயர் போடவில்லை. நண்பர் ஒருவரின் 1995 ஈஜிக்கு "ஜப்பான் ஷார்ட் ஷிஃப்டர் செட், கூலியோடு சேர்த்து 680 வெள்ளி (மலேசிய ரிங்கிட்)" என்று பேசினார்கள். காடியைக் காலையில் விடச் சொன்னார்கள், சாயங்காலம் சாவியைக் கொடுத்தார்கள். பழைய கியர் கம்பி எங்கே என்று கேட்டதற்கு, "குப்பையில போட்டாச்சுண்ணே" என்று பதில். முதல் வாரம் கியர் டக் டக்கென்று விழுந்தது. இரண்டாவது வாரம், 3-வது கியரில் ஏறிவிட்டு ஆக்ஸிலரேட்டரை விட்டால் கியர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்தது. திரும்பப் போய்க் கேட்டால், "கியர்பாக்ஸ் போயிருச்சுண்ணே, பழைய காடிதானே, ஓவர்ஹால் பண்ணிடலாம், 2,800 வெள்ளி ஆகும்" என்கிறார் அந்த ஃபோர்மன்.

கியர்பாக்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. காடியை ஸ்டாண்டில் ஏற்றிக் கீழே படுத்துப் பார்த்ததும் காரணம் தெரிந்தது.

உள்ளே இருந்தது காடியோடு வந்த அதே ஹோண்டா கம்பி. கம்பியின் நடுவில் இருக்கும் உருண்டைக்குக் கீழே அதை அறுத்து, நடுவில் சுமார் 15 மில்லிமீட்டர் இரும்புத் துண்டு வைத்து வெல்டிங் அடித்து, மேலே தங்க நிற ஸ்ப்ரே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். சாவி முனையால் சுரண்டியதும் பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்து, வெல்டிங் முடிச்சு வெளியே தெரிந்தது. போதாததற்குத் துண்டு நேராகவும் இல்லை, கண்ணுக்கே தெரிகிற அளவுக்குக் கோணல்.

இந்த ஏமாற்று ஏன் எடுபடுகிறது என்றால், கை போகிற தூரம் உண்மையிலேயே 'ஷார்ட்' ஆகிவிடுவதால்தான். கியர் கம்பி ஒரு நெம்புகோல். நடுவில் இருக்கும் உருண்டைதான் அச்சு. கியர்பாக்ஸுக்குப் போகும் ராடு எவ்வளவு நகர வேண்டும் என்பதைக் கியர்பாக்ஸ் தீர்மானிக்கிறது, அது மாறாது. உருண்டைக்கு மேலே 200 மி.மீ., கீழே 40 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ராடு 1 மி.மீ. நகர, கைப்பிடி 5 மி.மீ. நகர வேண்டும். கீழ்ப்பகுதியை 53 மி.மீ. ஆக்கினால் கைப்பிடி 3.8 மி.மீ. நகர்ந்தால் போதும். கை போகிற தூரம் கிட்டத்தட்ட கால்வாசி குறைகிறது. ஒழுங்கான கிட்டும் இதைத்தான் செய்கிறது. ஆனால் அதில் கம்பி முழுசாக ஒரே துண்டாக, நேராக, சரியான எஃகில் இருக்கும். வெல்டிங் அடித்த கம்பியோ ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் அந்த ஒட்டிலேயே வளைந்து கொடுக்கிறது. நெடுஞ்சாலையில் முந்திப் போகும்போது அது உடைந்தால் கையில் வெறும் குச்சிதான் மிஞ்சும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தூரம் கால்வாசி குறைந்தால் கை கொடுக்க வேண்டிய அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடும். அசல் கிட் போட்டாலும் இப்படித்தான். சிங்க்ரோ (கியர்கள் உரசாமல் சேர வேகத்தைச் சமன்செய்யும் பாகம்) தேய்ந்த கியர் பெட்டியில் இதைப் போட்டால் 2-வது கியர் இன்னும் அதிகமாகக் கரகரக்கும். போடுவதற்கு முன்பே, காலையில் எஞ்சின் சூடாவதற்குள் 3-லிருந்து 2-க்குச் சட்டென்று இறக்கிப் பாருங்கள். அப்போதே கரகரத்தால் ஷார்ட் ஷிஃப்டர் உங்கள் காடிக்கு வேண்டாம்.

சரி, 3-வது கியர் ஏன் துள்ளியது? கம்பி கோணலாக ஒட்டப்பட்டதால் நியூட்ரலிலேயே அது முன்பக்கம் சாய்ந்து நின்றது. 3-க்குத் தள்ளும்போது, கியர் முழுசாகப் பல்லில் உட்காரும் முன்பே கன்சோல் (இருக்கைகளுக்கு நடுவில் கம்பியைச் சுற்றியுள்ள மூடி) ஓட்டையின் முன் விளிம்பில் இடித்து நின்றுவிடுகிறது. உள்ளே பற்கள் பாதிதான் கவ்வியிருக்கும். லோடு மாறியதும் கழன்றுவிடும். இப்படியே சில மாதம் ஓட்டினால் அந்தப் பற்களின் முனை மழுங்கி, ஃபோர்மன் சொன்ன ஓவர்ஹால் நிஜமாகவே தேவைப்படும். எனக்கு இதில்தான் கோபமே. கம்பியில் ஏமாற்றியது ஒரு பக்கம், நல்ல கியர்பாக்ஸைத் தேய விட்டு அதற்கும் காசு கேட்பது இன்னொரு பக்கம்.

இதை நீங்களே பார்த்துவிடலாம். எஞ்சினை அணைத்து, கைப்பிடியைக் கழற்றி, தோல் உறையையும் கன்சோலையும் எடுத்துவிடுங்கள். கிளட்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போடுங்கள். கியர் உட்காரும் 'டொக்' கையில் தெரிய வேண்டும். அதற்குப் பிறகும் கம்பிக்கும் சுற்றியுள்ள விளிம்புக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி வேண்டும். கன்சோல் இல்லாமல் ஓட்டும்போது கியர் துள்ளவில்லை என்றால் குற்றம் கியர்பாக்ஸில் இல்லை. நண்பரின் காடியில் கன்சோலைக் கழற்றிய அன்றே துள்ளல் நின்றது.

அடுத்தது, ராடைப் பூட்டுகிற பின் (pin). ஈஜி, ஈகேயில் கியர் ராடு கியர்பாக்ஸின் தண்டோடு சேரும் இடத்தில் 8 மி.மீ. ஸ்பிரிங் பின் ஒன்று உண்டு. கம்பியை மட்டும் மாற்ற அந்தப் பின்னைத் தொடவே தேவையில்லை. இவர்கள் மொத்த ராடையும் கழற்றி மேசையில் வைத்து வேலை பார்த்ததால் அதைத் தட்டி எடுத்திருக்கிறார்கள். அசல் பின் தொலைந்ததோ வளைந்ததோ, அதன் இடத்தில் ஒரு ஆணி! இரண்டு முனையையும் மடக்கி விட்டிருந்தார்கள். ஸ்பிரிங் பின் ஓட்டைக்குள் விரிந்து இறுக்கிப் பிடிக்கும். ஆணி ஆடும், ஆட ஆட ஓட்டை முட்டை வடிவமாகும், பிறகு புதுப் பின் போட்டாலும் நிற்காது. கழற்றிய பின்னைத் திரும்பப் போடவே கூடாது, புதுசு போடுங்கள். தட்டும்போது அளவான பஞ்ச் வைத்து நேராகத் தட்ட வேண்டும். தண்டைக் கோணலாக அடித்தால் பக்கத்திலுள்ள ஆயில் சீல் கெட்டு ஒழுக ஆரம்பிக்கும்.

கம்பிக்கு அடியில் இருக்க வேண்டிய ரப்பர் உறையையும் காணோம். நம் ஊர் மழையில் ரோட்டுத் தண்ணீரும் மண்ணும் உருண்டை இருக்கிற இடத்துக்கே போய்விடும். புகைக்குழாயின் சத்தமும் சூடும் காடிக்குள் வரும்.

முறையான வேலை இப்படி இருக்கும். கியரை நியூட்ரலில் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்பதால் பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் கீழே படுக்காதீர்கள். புகைக்குழாய் ஆறியதும் அதன் சூட்டுத் தகட்டை இறக்கி, கம்பியின் கீழ் போல்ட்டையும் ராடின் பின்பக்கத் தாங்கியையும் கழற்றி, ரப்பர் உறையை விலக்கி, வளைய கிளிப்பை எடுத்தால் கம்பி வெளியே வந்துவிடும். உருண்டை உட்காரும் நைலான் கிண்ணம், ஓ ரிங், கீழ் போல்ட்டின் புஷ் (போல்ட்டைச் சுற்றியுள்ள மெத்தை வளையம்) எல்லாவற்றையும் அப்போதே புதுசாக மாற்றிவிடுங்கள். பாலியூரித்தேன் புஷ் என்றால் சிலிக்கான் கிரீஸ் போடுங்கள், இல்லையென்றால் கீச்சிடும். கடைசியில் சூட்டுத் தகட்டைப் பூட்டியதும் ஐந்து கியரும் ரிவர்ஸும் போட்டு, கீழ் போல்ட் தகட்டில் உரசுகிறதா என்று கீழே இருந்து ஒருவர் பார்க்க வேண்டும். நீளக் கம்பியில் இந்த உரசல் அடிக்கடி வரும்.

உண்மையில் 25, 30 வருடக் காடியில் கியர் கம்பி கஞ்சிக்குள் விட்ட கரண்டி மாதிரி ஆடுகிறது என்றால், முக்கால்வாசி நேரம் அது தேய்ந்த புஷ்தான். ஷார்ட் ஷிஃப்டர் அந்த ஆட்டத்தைப் போக்காது. தூரம் குறையும், ஆட்டமும் அதே விகிதத்தில் கூடவே இருக்கும். முதலில் புஷ் செட் மாற்றி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். நிறையப் பேருக்கு அதுவே போதும். கியர் எண்ணெயையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஹோண்டா பெட்டிகளுக்கு ஹோண்டா எம்டிஎஃப் (மானுவல் கியர்பாக்ஸுக்கான ஹோண்டா எண்ணெய்) ஊற்ற வேண்டும். கடையில் கைக்குக் கிடைத்த 80டபிள்யூ-90 கெட்டி எண்ணெயை ஊற்றினால் கியர் கனமாகும், உடனே "பெட்டி போச்சு" என்று ஆரம்பிப்பார்கள்.

பட்டறையில் பேசும்போதே மூன்று விஷயம் கேளுங்கள். கிட்டைப் பெட்டி பிரிக்காமல் என் கண்முன் காட்டுங்கள். பழைய கம்பி முழுசாக என் கைக்கு வர வேண்டும். ரசீதில் பிராண்டு பெயரும், பொருளுக்கு எவ்வளவு கூலிக்கு எவ்வளவு என்பதும் தனித்தனியாக இருக்க வேண்டும். நண்பரின் ரசீதில் 'ஷார்ட் ஷிஃப்ட் 680' என்று ஒரே வரி. ஒழுங்கான கிட் போட்டவன் பழைய கம்பியைக் கொடுக்கத் தயங்கவே மாட்டான், ஏனென்றால் அது அவனுக்கு எதற்கும் உதவாது. தர முடியாது என்றால் அது உங்கள் காடிக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் விட்டுவிடாதீர்கள். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், ட்ரிபியூனல் என்று நாம் சொல்கிற பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம், சம்பவம் நடந்து 3 வருடத்துக்குள் போட வேண்டும். ரசீது, வாட்ஸ்அப்பில் பேசிய விலை, காடிக்கு அடியில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். வெல்டிங் அடித்த கம்பியை வேறு பட்டறையில் கழற்றி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். "கொண்டு வாங்க, மாத்தித் தர்றோம்" என்று அவர்கள் கூப்பிட்டாலும் அதை மட்டும் கையிலிருந்து விடாதீர்கள்.