பொட்டலமா, அரிசிப் பையா, ரொக்கமா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி பெருகி ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து ஊர்கள் துண்டிக்கப்பட்டன. அங்கே போன உணவு உதவி மூன்று வகை: சாப்பாட்டுப் பொட்டலம், அரிசி மளிகை, ரொக்கம். எது நல்லது என்பது, தண்ணீர் புகுந்து எத்தனையாவது நாள் என்பதைப் பொறுத்தது.

முதல் சில நாளுக்குப் பொட்டலம்தான். அடுப்பு நனைந்து, விறகு ஊறி, நல்ல தண்ணீரும் இல்லாத வீட்டில் அரிசியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஹெலிகாப்டரில் போட்டதும் அதனால்தான். ஆனால் ரோட்டோர ஊருக்கு இரண்டு தடவை கிடைக்கும். உள்ளே இருக்கும் ஊருக்கு வராது. புளியோதரை தாங்கும், சாம்பார் சாதம் சாயங்காலத்துக்குள் கெட்டுவிடும். கைக்குழந்தைக்கு இதில் எதுவும் ஆகாது. அதற்காகப் பால்பவுடர் டப்பாவை அள்ளிக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. அழுக்குத் தண்ணீரில் கரைத்தால் வயிற்றுப்போக்குதான் வரும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும். அந்தத் தாய்க்கு வயிறாரச் சாப்பாடும் மறைவாக உட்கார ஓர் இடமும் கொடுங்கள்.

அரிசிப் பை பார்க்கப் பெரிதாகத் தெரியும். கணக்குப் போட்டால் அப்படியில்லை. பேரிடர்க் காலத்தில் ஒருவருக்கு நாளைக்கு 2,100 கலோரி என்பது உலகளவில் ஏற்ற அளவு. 5 கிலோ அரிசியில் சுமார் 17,000 கலோரி இருக்கிறது. நாலு பேர் குடும்பத்துக்கு அது இரண்டு நாள்! அதிலும் புரதம் குறைவு. இரண்டு கிலோ துவரம்பருப்பும் ஒரு லிட்டர் எண்ணெயும் சேர்ந்தால்தான் அது சாப்பாடு.

கடை திறந்து பஸ் ஓடத் தொடங்கியதும் ரொக்கத்துக்கு ஈடில்லை. கடுமையாகப் பாதித்த வட்டங்களில் அரசு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் அறிவித்தது, மற்ற இடங்களில் 1,000. முட்டையா, மருந்தா, கூரைக்குத் தார்ப்பாயா என்று அந்த வீடே முடிவு செய்துகொள்ளலாம். சிக்கலும் அங்கேதான். வயல் வேலை, வாழைத்தோட்ட வேலை, உப்பள வேலை எல்லாம் நின்றுபோன வீட்டில் கடன்காரர் முந்திக்கொள்வார், முட்டை பின்னால் போகும். ரேஷன் கார்டை வைத்துத்தான் பணம் என்றால், கார்டே இல்லாத வெளியூர்க் கூலிக் குடும்பத்துக்கு அதுவும் இல்லை.

இந்த மூன்றையும்விட நான் முன்னால் வைப்பது, ஊரில் ஏற்கெனவே இருக்கும் சத்துணவுக் கூடத்தை. பள்ளி மூடினால் காலை உணவு, மதிய உணவு, முட்டை எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடும். வெள்ளத்தில் நடந்ததும் அதுதான், கூடவே அரையாண்டு விடுமுறையும் வந்தது. சமைக்கத் தெரிந்த ஆட்கள், பெரிய பாத்திரம், எந்த வீட்டில் எத்தனை பிள்ளை என்ற கணக்கு எல்லாம் அங்கே இருக்கிறது. கூடத்துக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் மேட்டிலுள்ள கல்யாண மண்டபத்தில் அடுப்பைப் போடலாம். விடுமுறையானாலும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் ஒரு மாதம் அங்கே சமைத்துப் போட்டு, வீட்டுக்கு ரொக்கத்தையும் கொடுத்தால், அந்தப் பணத்தில் கூரையைப் போட்டாலும் பிள்ளையின் முட்டை நிற்காது.