ஊட்டியில் குளிக்க வெந்நீர்: வாளியைக் குறைப்பதா, சோலார் போடுவதா?

குளிர்நாள் காலையில் குழாய்த் தண்ணீர் 12 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 20 லிட்டர் வாளி ஒன்றை 40 டிகிரிக்குச் சுடவைக்க 0.65 யூனிட் போதும். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் ஷவரில் எட்டு நிமிடம் நின்றால் 2.6 யூனிட். நாலு பேரின் வாளிக் குளியலும் ஒருவரின் ஷவரும் ஒன்று.

வெந்நீருக்கு மின்சாரம் எரித்தால் நிலக்கரியும் எரியும் என்றால், பக்கத்துப் பைக்காராவில் 1932 முதல் நீர்மின்சாரம் எடுக்கிறோமே, நமக்கு ஏது நிலக்கரி என்று ஊரில் கேட்பார்கள். அது நாடு முழுக்கப் போகும் பொதுக் கம்பியில், நிலக்கரி மின்சாரத்தோடுதான் கலக்கிறது. நாட்டின் சராசரி, யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு. விடிகாலையில் சூரிய மின்சாரமும் கைகொடுக்காது.

வெயிலில் தண்ணீரைச் சுடவைக்கும் சோலார் தொட்டி போட்டால் தாராளமாகக் குளிக்கலாமா? மார்ச், ஏப்ரலில் குளிக்கலாம். ஜூனில் மூட்டம் இறங்கி நாலைந்து நாள் வெயிலே வராவிட்டால், தொட்டி வெதுவெதுப்பைத் தாண்டாது. உடனே தொட்டிக்குள் இருக்கும் ஹீட்டர் சுருளைப் போடுவார்கள். தவறு அங்கேதான். 100 லிட்டர் தொட்டி முழுவதையும் 12 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 5.6 யூனிட் ஆகும்; வெதுவெதுப்பாக இருந்தால் கொஞ்சம் குறையும். குளிப்பது பாதி, மிச்சம் இரவில் ஆறிப்போகும். சுருளைத் தொடாதீர்கள். குளியலறையில் 15 லிட்டர் கீசர் வைத்து, அதற்குள் போகும் தண்ணீரைச் சோலார் தொட்டியிலிருந்தே எடுங்கள். வந்த வெதுவெதுப்பு வீணாகாது, மீதிச் சூட்டை மட்டும் கீசர் தரும். சுடுநீர் உள்ளே வந்தால் தாங்குமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

டிசம்பர், ஜனவரி உறைபனியில் தட்டை வகைச் சோலாரின் செம்புக் குழாய் வெடிக்கும்; தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். இங்கே வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகையே சரி. அதிலும் மொட்டைமாடிக் குழாய்களுக்கு நுரைக் காப்பு சுற்றாவிட்டால் அவை உறையும்.

வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீருக்கு ஏற்றும் மின்கருவியான ஹீட் பம்ப் மூட்டத்திலும் ஓடும். ஆனால் குளிர் கூடக்கூட அதன் சிக்கனம் குறையும், உள்ளே பனி படிந்து அடிக்கடி நின்று உருக்கும்.

வாளியா, சோலாரா என்று பிரித்துப் பார்ப்பதே பிசகு. 60 டிகிரி வெந்நீர் 12 லிட்டரோடு பச்சைத்தண்ணீர் 8 லிட்டர் கலந்தால் ஒரு வாளி. நாலு பேருக்கு 48 லிட்டர். 100 லிட்டர் தொட்டியில் பாத்திரம் கழுவவும் மிஞ்சும். நாலு பேருக்கும் எட்டு நிமிட ஷவர் என்றால் 200 லிட்டர் தொட்டி, இரண்டு மடங்கு கண்ணாடிக் குழாய், மூட்ட நாளில் நாலு மடங்கு மின்சாரம்.

மழையில் நனைந்து தேயிலை பறித்துவிட்டு வருகிறவரிடம் அந்த ஒரு வாளியையும் குறைக்கச் சொல்வது அநியாயம். குறைக்க வேண்டிய இடம், 24 மணி நேர வெந்நீர் என்று பலகை வைக்கும் விடுதி. நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் ஷவர் தலையை எடுத்துவிட்டு 6 லிட்டர் விடுவதைப் பொருத்தினாலே அங்கே ஷவரின் வெந்நீர்ச் செலவில் ஐந்தில் இரண்டு பங்கு மிச்சம்.