300 ரூபாய்க்கு ஐந்து சனிக்கிழமை: சாபச் சங்கீத வகுப்புக்குப் போய் வந்தேன்

கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். 27 வருடமாகிறது. திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாள் என்றால் காலை 7 மணிக்கே ஆள் வந்துவிடும். வருகிறவர் முதலில் விஷயத்தைச் சொல்லமாட்டார், திட்ட ஆரம்பிப்பார். "அவன் கை விளங்காமப் போகணும், அவன் வம்சம் தழைக்கக் கூடாது, எழுதுங்க அண்ணாச்சி" என்பார். நான் தலையை ஆட்டிக்கொண்டே "மேற்படி நபர் மீது தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதுவேன். திட்டை வெட்டுவதற்குத்தான் எனக்குக் கூலி என்றுகூடச் சொல்லலாம்.

போன லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், பாளையங்கோட்டையில் ஒரு வேதபாட வகுப்பு நடந்தது. தலைப்பு, சாபச் சங்கீதங்கள். சங்கீதம் என்றால் இங்கே பாட்டுக் கச்சேரி இல்லை, பைபிளில் உள்ள ஜெபப் பாட்டுகள். எதிரியைத் தண்டியும், அவன் பல்லை உடையும், அவன் பேரை அழித்துப்போடும் என்று கடவுளிடம் கேட்கிற சங்கீதங்களை எப்படி வாசிப்பது என்று ஐந்து சனிக்கிழமை, மாலை 5 மணியிலிருந்து 7 மணி வரை. கட்டணம் 300 ரூபாய்; நகல் தாளும் டீயும் அதிலேயே அடக்கம். எந்த ஆலய வளாகம் என்று எழுதவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அதனால்.

நான் போன காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். தாத்தா வழியில் வந்த 12 சென்ட் நிலத்தை என் சித்தப்பா மகன் தன் பெயருக்கு மட்டும் பட்டா மாற்றிக்கொண்டான். ஊருக்கெல்லாம் பட்டா மனு எழுதுகிறவன் வீட்டிலேயே இப்படி. வழக்கு ஆறு வருடமாக நடக்கிறது. ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு ஜெப சேவை வந்தது: "சத்துருவை முறியடிக்கும் 40 நாள்". காணிக்கை 1,100 ரூபாய். தினமும் விடியற்காலை 4.30-க்கு ஒரு ஆடியோ வரும். 109-ஆம் சங்கீதத்தை எடுத்து, "அவன்" என்று வருகிற இடத்திலெல்லாம் சத்துருவின் பெயரைப் போட்டுச் சத்தமாக வாசிக்க வேண்டும். நானும் வாசித்தேன். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஒன்பதாம் நாள் அவன் மகள் என்னைத் தேடிக் கொக்கிரகுளத்துக்கே வந்துவிட்டாள். பிளஸ் டூ முடித்திருந்தாள். "பெரியப்பா, முதல் பட்டதாரி சான்றுக்கு எழுதித் தாங்க" என்றாள். எழுதிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. மறுநாள் விடியற்காலை அந்தச் சங்கீதத்தில் அவன் பிள்ளைகள் தகப்பன் இல்லாமல் போகட்டும், பிச்சையெடுத்துத் திரியட்டும் என்று வருகிற இடத்தில் வாய் ஓடவில்லை. அத்தோடு நிறுத்திவிட்டேன். மீதி 30 நாளுக்குப் பணம் திரும்புமா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. அந்தச் சேவைக்கு என் மதிப்பெண் பூஜ்யம். இனி வகுப்பு.

எடுத்தவர் இறையியல் கல்லூரி ஒன்றில் எபிரெயம், அதாவது சங்கீதங்களின் மூல மொழி, கற்றுக்கொடுத்து ஓய்வுபெற்றவர். எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிட்டார்கள். நாங்கள் 18 பேர். முதல் நாளே 109-ஐ எடுத்தார். எடுத்ததும் அவர் செய்த காரியம்தான் இந்த 300 ரூபாயை நியாயப்படுத்தியது. வசன எண் இல்லாமல், மேற்கோள் குறி இல்லாமல் அந்தச் சங்கீதத்தை மட்டும் தட்டச்சு செய்த ஒரு தாளையும் ஒரு பென்சிலையும் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். "இதில் யார் யாரைச் சபிக்கிறார்கள்? குறி போட்டுக் காட்டுங்கள்" என்றார்.

இதென்ன கேள்வி, சங்கீதம் பாடிய தாவீது ராஜா எதிரியைச் சபிக்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். அப்புறம் அவர் விளக்கினார். தொடக்கத்தில் எதிரிகள் பலர்: "அவர்கள்" பொய் பேசுகிறார்கள், "அவர்கள்" நன்மைக்குத் தீமை செய்கிறார்கள். 6-ஆம் வசனத்திலிருந்து திடீரென்று "அவன்" ஆகிவிடுகிறது. அவன் நாட்கள் குறையட்டும், அவன் மனைவி விதவையாகட்டும், கடன்காரன் அவனுக்குள்ளதையெல்லாம் வாரிக்கொண்டு போகட்டும் என்று 19 வரை ஒரே ஆள். 20-இல் மறுபடியும் பலர். ஆகவே நடுவில் வருகிற சாபம் பாடுகிறவருடையது அல்ல, எதிரிகள் அவர்மேல் சொன்னதை அவர் கடவுளிடம் எடுத்துச் சொல்லிக் காட்டுகிறார் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். 1989-இல் வந்த ஒரு ஆங்கில மொழிபெயர்ப்பு 6-ஆம் வசனத்தின் தொடக்கத்தில் "அவர்கள் சொல்கிறார்கள்" என்று சேர்த்தே அச்சிட்டுவிட்டது. பழைய எபிரெயத்தில் மேற்கோள் குறி கிடையாது. "என்று" போன்ற ஒரு சொல் போடாமலே அடுத்தவர் பேச்சைச் சொல்லலாமாம்.

தமிழில் "என்று" இல்லாமல் நம்மால் மூச்சுவிட முடியாது. நம் பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் "என்று" இல்லை. அது இல்லாததனாலேயே சாபம் முழுவதும் பாடுகிறவர் வாயிலேயே நின்றுவிடுகிறது. எதிர்தரப்பு சொன்னதை மனுவில் எழுதும்போது "என்று மிரட்டினார்" என்பதை விட்டுவிட்டால் மிரட்டியது நம் ஆள் என்று ஆகிவிடும். இந்தப் பிழையை நானே ஒருமுறை செய்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆனாலும் எனக்கு அந்த விளக்கம் ஒப்பவில்லை. ஐயாவும் அதற்கு எதிரான நியாயங்களைச் சொன்னார். 20-ஆம் வசனம் எப்படியும் இதையெல்லாம் எதிரிகளின் தலையில்தான் கொண்டுபோய் வைக்கிறது. புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் முதலாம் அதிகாரத்தில் சீடர் பேதுரு இந்தச் சாபத்தில் ஒரு வரியை எடுத்து, இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸுக்கே பொருத்துகிறார். என் காரணம் வேறு. என்னிடம் வருகிறவர்கள் "அவங்க வேலிய நகத்திட்டாங்க, அவங்க ஆள வச்சி மிரட்டுறாங்க" என்று பன்மையில்தான் ஆரம்பிப்பார்கள். கோபம் ஏற ஏற, பத்துப் பேரும் ஒரே ஆள் ஆகிவிடுவார்கள். "அவன் உருப்படுவானா?" என்பார்கள். எந்த அவன் என்று கேட்டால் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டியிருக்கும். இதைச் சொன்னேன். ஐயா தன் நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

அதே சங்கீதத்தின் 4-ஆம் வசனத்தை நாம் "ஜெபம்பண்ணிக்கொண்டிருக்கிறேன்" என்ற பொருளில் வாசிக்கிறோம். எபிரெயத்தில் அங்கே வினைச்சொல்லே இல்லை, "நானோ ஜெபம்" என்று மட்டும் நிற்கிறது என்றார். மனுவைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அந்தக் காகிதம்கூட இல்லாமல் ஆளே மனுவாக வந்து நிற்கிறவர்களும் உண்டு. 6-ஆம் வசனத்தில் வலதுபக்கத்தில் குற்றம் சாட்டுகிறவன் நிற்கிறான். கடைசி வசனத்தில் ஏழையின் வலதுபக்கத்தில் கர்த்தர் நிற்கிறார். நடுவில் இத்தனை வசவு. வசவில் ஒரு சொல்லையும் யாரும் வெட்டவில்லை.

வெட்டியவர்களும் இருக்கிறார்கள் என்பது இரண்டாம் வாரம். மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1784-இல் அமெரிக்க மெத்தடிஸ்டுகளுக்குத் தயாரித்த ஆராதனைப் புத்தகத்தில், கிறிஸ்தவச் சபையின் வாயில் வரத் தகாதவை என்று சங்கீதங்களில் பல பகுதிகளை நீக்கிவிட்டார். கத்தோலிக்கக் குருக்கள் நாள்தோறும் சொல்லும் செபநூலை 1960-களில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற திருச்சபை மாநாட்டுக்குப் பின் திருத்தியபோது 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்களையும் முழுதாக எடுத்துவிட்டார்கள். வேறு சிலவற்றிலும் சில வரிகள் போயின. எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. நானும் அந்தத் தொழில்தானே. ஆனால் வெட்டிய மனுவை வாசித்துக் காட்டும்போது, மனு கொடுக்க வந்தவர் முகத்தில் "இது நான் சொன்னது இல்லையே" என்று ஒரு பார்வை வரும். அந்தப் பார்வையைப் பார்க்காமல் இருக்கத்தான் நான் வேகமாக வாசித்துவிட்டுக் கைரேகைக்கு மையை நீட்டுவேன்.

அன்றைய பாடம் 137. பாபிலோன் ஆறுகள் அருகே உட்கார்ந்து அழுத பாட்டு. எல்லோருக்கும் முதல் பாதி தெரியும். கடைசி வரியை எந்த ஞாயிறும் பாடகர் குழு பாடி நான் கேட்டதில்லை: பாபிலோனின் குழந்தைகளைப் பிடித்துக் கல்லில் மோதுகிறவன் பாக்கியவான். எங்கள் வகுப்பில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருந்தார், பிரசவ வார்டிலேயே சர்வீஸ் முழுக்க. "குழந்தை என்ன செய்தது, ஐயா?" என்றார். ஐயா ஆதித் திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீனின் விளக்கத்தைச் சொன்னார்: குழந்தைகள் என்பவை நமக்குள் பிறக்கிற தீய இச்சைகள், வளரும் முன்பே கிறிஸ்து என்ற கல்லில் மோதிவிட வேண்டும். "அப்படின்னா குழந்தை குழந்தையே இல்லங்கிறீங்க" என்றார் சிஸ்டர். ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

ஐயா சமாளிக்கவில்லை. 2 இராஜாக்கள் 8-ஐ எடுக்கச் சொன்னார். தீர்க்கதரிசி எலிசா அழுகிறார். ஏன் என்று, சீரியாவுக்கு ராஜாவாகப்போகிற ஆசகேல் கேட்கிறான். நீ இஸ்ரவேலின் குழந்தைகளைத் தரையில் மோதப்போகிறாய், அது எனக்குத் தெரியும் என்கிறார். ஓசியாவிலும் நாகூமிலும் இதே காட்சி. அந்தக் காலத்துப் படைகள் ஊருக்குள் புகுந்தால் செய்த வேலை அது. பாபிலோன் படையிடம் எருசலேம் விழுந்தது கி.மு. 587 அல்லது 586. பாடுகிறவர்கள் கற்பனை செய்து சொல்லவில்லை, பார்த்ததைத் திருப்பிச் சொல்கிறார்கள். "நீ எங்களுக்குச் செய்தபடி உனக்கு" என்று முந்தின வசனமே சொல்கிறது. சிஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "வலி புரியுது. ஆனா ஆமென் சொல்லமாட்டேன்" என்றார். மதுரையை எரிக்கும்போது கண்ணகிகூடக் குழந்தைகளை விட்டுவிடச் சொன்னாள் என்று பின்வரிசையில் ஒரு தமிழாசிரியர் முணுமுணுத்தார். இந்த ஒரு மாலையை நான் யாருக்கும் சிபாரிசு செய்வேன்.

மூன்றாம் வாரம் 58, எதிரியின் பல்லை உடையும் என்கிற சங்கீதம். ஜெர்மனியில் ஹிட்லர் அரசை எதிர்த்த போதகர் நீமோலர் 1937 ஜூலை 1-இல் கைதானார். சில நாட்களில், ஜூலை 11-இல் அவரைப் போலவே ஹிட்லரை எதிர்த்த இன்னொரு போதகர் போன்ஹோஃபர் இந்தச் சங்கீதத்தையே எடுத்துப் பிரசங்கித்தார். குற்றமில்லாதவன்தான் இதை ஜெபிக்கலாம், நாம் அப்படியல்ல, கிறிஸ்து ஒருவரே அப்படி, கேட்ட தண்டனை அவர்மேலேயே விழுந்தது என்பது அதன் சாரம். "பழியைக் கடவுளிடம் விட்டவர் ஹிட்லருக்கு எதிரான சதியில் ஏன் சேர்ந்தார்?" என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. ஐயா சிரித்தார், அத்தோடு டீ வந்துவிட்டது. டீ நன்றாக இருக்கும், இஞ்சி போட்டது.

நான்காம் வாரம் ஏமாற்றம். புதிய ஏற்பாடு முழுவதையும் அந்த ஒரு நாளில் அடைத்துவைத்திருந்தார்கள். அதிலும் ஒலிபெருக்கியைச் சரிசெய்வதில் முக்கால் மணி நேரம் போனது. 18 பேருக்கு ஒலிபெருக்கி எதற்கு? சத்துருக்களைச் சிநேகியுங்கள், பழிவாங்குதல் எனக்குரியது, அநீதியுள்ள நியாயாதிபதியிடம் விடாமல் போன விதவை, "எதுவரைக்கும்" என்று வெளிப்படுத்தலில் கூப்பிடுகிற இரத்தசாட்சிகள் என்று ரயில் ஜன்னலில் ஸ்டேஷன் போவதுபோல் போயிற்று. நான் அந்த விதவையிடம் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க விரும்பினேன். அவளுக்கு மனு எழுதித் தர ஆளே இல்லை, வாய்மொழிதான்.

இன்னொரு குறை. நம் ஊர்ச் சாபத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொல்லங்குடி வெட்டுடையார் காளியம்மன் கோவிலுக்குப் போய்க் காசு வெட்டிப் போட்டுவிட்டு, "சொல்லிட்டேன், இனி அவ பாத்துக்கிடுவா" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. ஆனைமலை மாசாணியம்மன் கோவிலில் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வருகிறார்கள். 109-ஐ வாசிக்கிறவருக்கும் இவர்களுக்கும் எங்கே ஒட்டுகிறது, எங்கே விலகுகிறது என்று பேசியிருந்தால் ஒரு வாரம் போதாது. நான் கேட்டதற்கு "அது பாடத்திட்டத்தில் இல்லை" என்று ஒருங்கிணைப்பாளர் சொல்லிவிட்டார்.

கடைசி வாரம் ஆளுக்கொரு சங்கீதம் எழுத வேண்டும், எதிரியைப் பற்றி, எதையும் வெட்டாமல். எழுதியதை எழுந்து வாசிக்கச் சொன்னது தவறு என்பது என் கருத்து. இரண்டு பேர் வெளியே போய்விட்டார்கள். நான் வாசிக்கவில்லை, தாளை ஐயாவிடம் மட்டும் கொடுத்தேன். 27 வருடத்தில் முதல்முறையாகத் திட்டோடு எழுதிய மனு. பட்டா எண், சர்வே எண் எல்லாம் இருந்தது, பழக்கதோஷம்.

தாள் திரும்பி வந்தபோது அடியில் பென்சிலால் ஒரே வரி: "கோரிக்கை என்ன?"

தொழில்காரனுக்கு இது வெட்கம். கோரிக்கை இல்லாத மனுவை எந்த அலுவலகமும் வாங்காது. அவன் என்ன ஆக வேண்டும் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். எனக்கு என்ன வேண்டும், 12 சென்டா, அவன் வந்து கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்வதா, எழுதவே இல்லை. தாள் இன்னும் மேசை டிராயரில் இருக்கிறது, அடியில் அந்த வரியோடு.

5-க்கு மூன்றரை கொடுக்கலாம். அடுத்த லெந்துக்கும் வைக்கப்போவதாகச் சொன்னார்கள். போகிறவர்கள் சொந்தமாகப் பென்சில் கொண்டுபோங்கள், அங்கே தருகிறவற்றில் பாதிக்கு முனை இல்லை.